மகனுக்கு முதல் துவக்கு எது?



பதிவு கொஞ்சம் நீளம். ஆண் பிள்ளைகள் உள்ள வாப்பாமார் நேரம் எடுத்து வாசியுங்கள்.

போன வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்து படியிறங்கும்போது எமது ஊர் விவசாயி ஒருவர் கையைப் பிடித்து ஓரமாகக் கூட்டிப் போனார். அவருடைய மகன் எம்மிடம் படித்தவன். சாதாரண தரப் பரீட்சை எழுதிவிட்டு வீட்டில் இருக்கிறான்.

"ஸேர், மகனுக்கு ஒரு எயார் ரைபிள் எடுத்துக் குடுப்பம் எண்டு பாக்கன். கட்டார்ல இரிக்கிற மச்சான் சல்லி அனுப்புறன் எண்டாரு. வட்டைக்க பண்டியும் குரங்கும் உடுதில்ல. பொடியனும் சும்மாதானே இரிக்கான். நீங்க வாசிக்கிற ஆள், எது நல்லம் எண்டு சொல்லுங்க."

மகன் பக்கத்தில்தான் நின்றான். அவனுடைய போனில் ஏற்கெனவே ஒரு பட்டியல் இருந்தது. 4.5 மில்லிமீற்றரா, 5.5 மில்லிமீற்றரா? ஸ்கோப் எத்தனை மடங்கு? எது வேகம் கூட? எல்லாம் யூடியூபில் பார்த்துப் படித்தது. கணித பாடத்தில் இத்தனை அக்கறையை நாம் அவனிடம் கண்டதில்லை.

ஒரு கிழமை தாருங்கள், யோசித்துச் சொல்கிறோம் என்றோம். இந்த லீவில் இதே கேள்வி வட்ஸ்அப்பிலும் இரண்டு பேரிடமிருந்து வந்ததால், பதிலை எல்லோருக்குமாக இங்கே எழுதுகிறோம்.

நாம் வேட்டைக்காரர் அல்ல. ஆனால் துவக்கு இருந்த வீட்டில் வளர்ந்தோம். மூத்தவாப்பாவிடம் பயிர்க் காவலுக்கு அனுமதிப்பத்திரம் உள்ள 12 போர் துவக்கு ஒன்று இருந்தது. அது அலுமாரியில் ஒரு பூட்டுக்குள், தோட்டா இன்னொரு பூட்டுக்குள், இரண்டு சாவியும் அவருடைய இடுப்பு பெல்ட்டில். ஆகவே துவக்கு என்றாலே ஹராம் என்பதுபோல் பேச நாம் வரவில்லை.

எமது பதிலைச் சுருக்கமாக முதலில் சொல்லிவிடுகிறோம். 16 வயதுப் பிள்ளைக்கு வேட்டையாடவென்று துவக்கு வாங்கிக் கொடுக்காதீர்கள். எந்தத் துவக்கு என்பது கடைசிக் கேள்வி. அதற்கு முன்னால் கேட்கவேண்டிய நான்கைந்து கேள்விகளை நாம் தாண்டிப் போய்விடுகிறோம்.

ஏன் இப்படிச் சொல்கிறோம் என்பதற்கு ஒரு சம்பவம்.

12 வருடங்களுக்கு முன் எமக்கு முதல் நியமனம் கிடைத்தது வேறொரு ஊரில். ஆசிரியர் கலாசாலையை விட்டு வந்த புதிது. தரம் 8 இல் ஒரு மாணவன். கையெழுத்து முத்துப்போல் இருக்கும். ஒரு விடுமுறை நாளில் அவனுடைய மாமாவின் மகன் எயார் ரைபிளால் கிணற்றுக் கட்டில் இருந்த மைனாவுக்கு அடித்தான். மைனா பறந்துவிட்டது. குண்டு கொங்கிரீட் கட்டில் பட்டுத் திரும்பி, பக்கவாட்டில் நின்ற இவனுடைய இடது கண்ணில் ஏறிவிட்டது. ஊர் ஆஸ்பத்திரி, பெரிய ஆஸ்பத்திரி, பிறகு கொழும்பு. கண் திரும்பி வரவில்லை.

அவன் இப்போது போன் திருத்தும் கடையில் வேலை செய்கிறான். சின்ன ஸ்குரூவைப் பிடிக்கப் போனால் தூரம் பிடிபடுவதில்லை என்பான். இந்தப் பதிவுக்காக அவனிடம் கேட்டோம். "பேர் போடாதீங்க ஸேர், கதைய எழுதுங்க" என்றான். இன்னொன்றையும் சொன்னான். அடித்த மச்சான் அன்றைக்குப் பிறகு அவனுடைய முகத்தைப் பார்த்துப் பேசியதே இல்லையாம். இரண்டு குடும்பமும் பெருநாளுக்குக்கூட போக்குவரத்து இல்லை. ஒரு கண் போனது ஒரு வீட்டில். ஒரு பிள்ளையின் நிம்மதி போனது மற்ற வீட்டில். அந்தப் பொடியன் கெட்டவன் அல்ல. நல்ல பிள்ளை. நல்ல பிள்ளையின் கையில்தான் அது நடந்தது.

எமது மார்க்கத்தில் இதற்கு நேரடியான ஒரு வழிகாட்டல் இருக்கிறது. விரலிடுக்கில் கல்லை வைத்துச் சுண்டி எறிவதை நபி ஸல்லல்லாஹு அலைஹி வஸல்லம் அவர்கள் தடுத்த ஹதீஸ் புகாரியிலும் முஸ்லிமிலும் பதிவாகியிருக்கிறது. அப்துல்லாஹ் இப்னு முகப்பல் ரழியல்லாஹு அன்ஹு அவர்கள் அறிவிப்பது. அதில் சொல்லப்பட்ட காரணத்தைக் கவனியுங்கள். அந்தக் கல்லால் வேட்டைப் பிராணியும் விழாது, எதிரிக்கும் காயம் வராது, ஆனால் பல்லை உடைக்கும், கண்ணைப் பறிக்கும். அந்த மாணவனை ஆஸ்பத்திரிக் கட்டிலில் பார்த்த நாளில்தான் இந்த ஹதீஸ் எமக்கு விளங்கியது. அதற்கு முன் ஓதியிருந்தோம், அவ்வளவுதான்.

இனி யூடியூப் விஷயத்துக்கு வருவோம்.

பிள்ளைகள் பார்க்கும் வீடியோக்கள் பெரும்பாலும் அமெரிக்காவிலிருந்து வருபவை. அங்கே வாப்பா மகனுக்கு முதல் வேட்டை ரைபிள் எடுத்துக் கொடுப்பது பல குடும்பங்களில் ஒரு வழக்கம். ஆனால் வீடியோவில் தெரிவது கடைசிக் கட்டம் மட்டும்தான். அந்த ரைபிளுக்கு முன்னால் என்ன நடந்தது என்பதைக் காட்டினால் யாரும் பார்க்கமாட்டார்கள்.

அமெரிக்காவின் நியூயோர்க் மாநிலம் 1949 இலேயே புதிய இளம் வேட்டைக்காரருக்குப் பாதுகாப்புப் பயிற்சியைச் சட்டத்தால் கட்டாயமாக்கியது. பிறகு மற்ற மாநிலங்களும் அந்த வழிக்கு வந்தன. ஜேர்மனியில் இன்னும் கடுமை. அங்கே வேட்டை அனுமதி வேண்டுமென்றால் பரீட்சை எழுதவேண்டும். எழுத்துப் பரீட்சை, வாய்மொழியும் செய்முறையும், சுடும் பரீட்சை. விலங்குகளின் வாழ்க்கை, காடு, சட்டம், இறைச்சிச் சுகாதாரம் எல்லாம் படிக்கவேண்டும். 16, 17 வயதுப் பிள்ளைகளுக்கு இளைஞர் அனுமதிப்பத்திரம் ஒன்று உண்டு. ஆனால் அதை வைத்திருக்கும் பிள்ளை தனியாக வேட்டைக்குப் போகமுடியாது. வேட்டை அனுபவம் உள்ள, பொறுப்பான பெரியவர் ஒருவர் கூட நிற்கவேண்டும். பலர் சேர்ந்து செய்யும் வேட்டையில் அந்தப் பிள்ளைக்கு இடமே இல்லை.

பிரித்தானியாவில் 18 வயதுக்குக் குறைந்தவருக்கு எயார் ரைபிளை விற்கவே முடியாது. ஸ்கொட்லாந்தில் 2016 டிசம்பர் 31 முதல் எயார் ரைபிளுக்கும் தனியாகச் சான்றிதழ் எடுக்கவேண்டும்.

இவையெல்லாம் வேட்டை சட்டபூர்வமாக இருக்கும் நாடுகள். துவக்கோடு பழகிய சமூகங்கள். அவர்களே பிள்ளையின் கையில் துவக்கைக் கடைசியாகத்தான் கொடுக்கிறார்கள். நாம் மட்டும் துவக்கை முதலில் கொடுத்துவிட்டு மற்றதைப் பிறகு பார்ப்போம் என்கிறோம்.

அந்த அனுபவசாலிகள் முதல் ரைபிளை எப்படித் தெரிவு செய்கிறார்கள் என்பதையும் பாருங்கள். அதிலும் பாடம் இருக்கிறது.

ஒன்று, அளவு. பெரியவரின் ரைபிள் சிறுவனுக்குப் பொருந்தாது. பின்கட்டை நீளமாக இருந்தால் தோளில் ஒழுங்காக உட்காராது, கன்னம் சரியான இடத்தில் படாது, முன்பாரத்தைத் தாங்க உடம்பு பின்னால் வளையும். அதனால் பிள்ளையின் கைக்கும் தோளுக்கும் அளவான கட்டை பார்ப்பார்கள். "வளர வளரச் சரியாகும்" என்று பெருநாள் உடுப்புப்போல் பெரிதாக எடுப்பது ஆபத்து.

இரண்டு, அதிர்வு. முதல் ரைபிளாகப் பலரும் சொல்வது பொயிண்ட் 22 என்ற சின்னத் தோட்டா ரைபிளை. காரணம், தோளில் உதை இல்லை, சத்தம் குறைவு. பெரிய உதையுள்ள ரைபிளைக் கொடுத்தால் பிள்ளை விசையை அழுத்தும் முன்பே கண்ணை மூடிக்கொள்ளப் பழகிவிடும். அந்தப் பழக்கம் போக வருடக்கணக்காகும். ஆனால் சின்னத் தோட்டா என்று ஏமாறக்கூடாது. அது ஒரு மைலையும் தாண்டிப் போகக்கூடியது.

மூன்று, ஒற்றைத் தோட்டா. ஒருமுறைக்கு ஒன்று மட்டும் போடும் ரைபிளைக் கொடுப்பார்கள். இரண்டாவது வெடி உடனே கிடைக்காது என்று தெரிந்தால்தான் முதல் வெடிக்கு முன் யோசிப்பான்.

நான்கு, ஸ்கோப் பிறகு. முதலில் வெறும் கண்ணால் குறி பார்க்கப் பழக்குவார்கள். ஸ்கோப்புக்குள் கண்ணை விட்டவனுக்கு அந்தச் சின்ன வட்டம்தான் உலகம். வட்டத்துக்கு வெளியே யார் நடந்து வருகிறார்கள் என்பது தெரியாது.

இந்த நான்கையும் சேர்த்துப் பாருங்கள். பிள்ளை ஆசைப்படுவதைவிடச் சின்னது, மெதுவானது, குறைந்தது. அனுபவம் உள்ளவரின் தெரிவு அதுதான். எமது மாணவனின் போனில் இருந்த பட்டியலோ நேர்மாறு. வேகம் கூட, சக்தி கூட, ஸ்கோப் பெரிது.

இப்போது எமது ஊருக்கு வருவோம். எயார் ரைபிள் வாங்கியாயிற்று என்றே வைத்துக்கொள்வோம். அவன் எதைச் சுடப் போகிறான்?

வாப்பா சொன்னது பன்றி. எயார் ரைபிளால் பன்றி சாகாது. பிரித்தானியாவில் அனுமதிப்பத்திரம் இல்லாமல் வைத்திருக்கக்கூடிய எயார் ரைபிளின் உச்ச சக்தி ஏறக்குறைய 16 ஜூல். பன்றியின் தோலுக்கும் கொழுப்புக்கும் அது ஒரு குத்து, அவ்வளவுதான். காயப்பட்ட பன்றி எந்தப் பக்கம் பாயும் என்பதை வட்டையில் காவல் இருந்தவர்களிடம் கேட்டுப் பாருங்கள். ஒரு பொடியன் அதன் வழியில் நிற்பதை எந்த வாப்பா விரும்புவார்?

குரங்கு? குண்டு உடம்புக்குள் ஏறும். உடனே சாகாது. காயம் பழுத்து, நாள்கணக்கில் கிடந்து சாகும். மற்றக் குரங்குகள் அடுத்த நாளும் வரும். மயில்? பாதுகாக்கப்பட்ட பறவை. 1937 ஆம் ஆண்டின் 2 ஆம் இலக்க வனவிலங்கு, தாவரப் பாதுகாப்புக் கட்டளைச் சட்டத்தின் கீழ் எமது நாட்டின் பெரும்பாலான பறவைகள் பாதுகாக்கப்பட்டவை. மானும் மரையும் அப்படித்தான். காட்டுக்கோழி எமது தேசியப் பறவை. அதைச் சுட்டு வந்து "வேட்டை" என்று போட்டோ போட்டால், அந்தப் போட்டோவே சாட்சி.

ஆக, வாங்கச் சொன்ன காரணத்துக்கு அந்தத் துவக்கு உதவாது. உதவாத துவக்கு சும்மா இருக்காது. கொக்கு, மைனா, அணில், மாமரத்தில் இருக்கும் புறா என்று இறங்கும். பிறகு யாரோ வீட்டுப் பூனை. எமது ஊரில் இதுதான் நடக்கிறது. நாம் பார்த்திருக்கிறோம், நீங்களும் பார்த்திருக்கிறீர்கள்.

உயிருள்ள ஒன்றைக் கட்டி வைத்துக் குறி பார்த்து எறிந்த குறைஷி இளைஞர்களை இப்னு உமர் ரழியல்லாஹு அன்ஹு கண்டித்த சம்பவம் உங்களுக்குத் தெரியும். அவரைக் கண்டதும் அவர்கள் கலைந்து ஓடினார்கள். உயிருள்ளதைக் குறிப்பலகையாக்குபவரை நபியவர்கள் சபித்ததாக அவர் சொன்னார். இதுவும் புகாரியிலும் முஸ்லிமிலும் உள்ளதுதான். சாப்பாட்டுக்கு வேட்டையாடுவது ஆகும். சூரா மாஇதாவில் வேட்டைக்குச் சட்டமே சொல்லப்பட்டிருக்கிறது. கை பழக்குவதற்காக உயிரை எடுப்பது வேறு விஷயம்.

சாப்பாட்டு விஷயத்திலும் ஒரு சிக்கல் உண்டு. அதே மாஇதாவின் 3 ஆவது வசனத்தில் அடிபட்டுச் செத்தது விலக்கப்பட்டிருக்கிறது. கூர்முனையால் துளைத்ததற்கும் அகலப் பக்கத்தால் அடித்ததற்கும் வித்தியாசம் உண்டு என்பதை அதீ இப்னு ஹாதிம் ரழியல்லாஹு அன்ஹு அவர்களின் ஹதீஸ் சொல்கிறது. ஈயக் குண்டு பட்டுச் செத்த பறவை எந்த வகை என்று உலமாக்களிடம் கேட்காமல் சட்டியில் போடுபவர்கள் இருக்கிறார்கள். உயிரோடு கிடைத்து அறுத்தால் பிரச்சினை இல்லை. மற்றதை ஆலிம்களிடம் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். ஃபத்வா கொடுப்பது எமது வேலை அல்ல. ஆனால் 16 வயதுப் பிள்ளையிடம் துவக்கைக் கொடுக்கும் வாப்பா இதையாவது கேட்டிருக்கவேண்டும்.

இன்னொரு விஷயம். எமது வட்டை தட்டையானது. குன்று இல்லை, மண்மேடு இல்லை. அடித்த குண்டு எங்கே போய் நிற்கும்? எயார் ரைபிள் குண்டு ஒழுங்காகக் குறியில் படுவது முப்பது, நாற்பது மீற்றருக்குள். ஆனால் குறி தவறினால் அது சில நூறு மீற்றர் போகும். வரம்புக்கு அந்தப் பக்கம் குனிந்து களை பிடுங்கும் உம்மாமார் இருப்பார்கள். வாய்க்காலில் பிள்ளைகள் குளிப்பார்கள். துவக்குப் பயிற்சி கொடுப்பவர்கள் உலகம் முழுவதும் முதல் நாளே சொல்வது இதைத்தான். குறியை மட்டும் பார்க்காதே, குறிக்குப் பின்னால் என்ன இருக்கிறது என்று பார். எமது ஊர் அமைப்பில் குறிக்குப் பின்னால் எப்போதும் ஒரு மனிதன் இருக்கிறான்.

சொல்லத் தயங்கும் ஒன்றையும் சொல்லிவிடுகிறோம். நாம் முஸ்லிம்கள். 2019 ஏப்ரலுக்குப் பிறகு எமது வீடுகளில் நடந்த சோதனைகள் மறந்துபோகும் விஷயமா? வீட்டில் கிடந்த பழைய வாளுக்கும் கத்திக்கும்கூட விளக்கம் சொல்லவேண்டி வந்தது. தோளில் ரைபிளோடு, முகத்தைச் சுளித்துக்கொண்டு, பின்னணியில் ஒரு பாட்டும் போட்டு ஒரு பொடியன் டிக்டொக்கில் வீடியோ போட்டால், அதைப் பார்ப்பவர்கள் எல்லோரும் "விவசாயி மகன், குரங்கு விரட்டுகிறான்" என்று நினைப்பார்களா? இது நியாயமா என்று கேட்டால் நியாயமில்லை. ஆனால் அந்த அநியாயத்தைச் சுமப்பது எமது மகனாக இருக்கக்கூடாது.

இனி, எமக்கு வரப்போகும் மறுப்புகள்.

"ஸேர், நாங்க கெட்டபோலோட திரிஞ்சவங்கதானே, எங்களுக்கு என்ன நடந்த?" என்று கேட்பீர்கள். உண்மைதான். நாமும் கெட்டபோல் கட்டித் திரிந்தவர்கள்தான். ஒன்றும் நடக்காதவர்கள்தான் இந்தக் கதையைச் சொல்கிறோம். நடந்தவன் போன் கடையில் இருந்து சொல்லும் கதை வேறு.

"பயிர் அழியுது, அதுக்கு என்ன பதில்?" இதுதான் வலுவான கேள்வி. இதைச் சிரித்துத் தள்ளும் உரிமை சம்பளம் எடுக்கும் எமக்கு இல்லை. கடன் வாங்கி விதைத்தவன் விடியற்காலையில் போய்ப் பார்க்கும்போது வேளாண்மை உழுது போட்டதுபோல் கிடந்தால் அவனுக்கு எப்படி இருக்கும்? 2025 மார்ச் 15 காலை 8 மணியிலிருந்து 8.05 வரை நாடு முழுவதும் குரங்கு, மயில், மர அணில்களை எண்ணச் சொன்னதே இந்தப் பிரச்சினை எந்தளவுக்குப் போய்விட்டது என்பதைக் காட்டுகிறது. பேஸ்புக்கில் எல்லோரும் பகிடி பண்ணினார்கள். விவசாயிக்கு அது பகிடி அல்ல.

ஆனால் அந்தப் பிரச்சினையின் பாரத்தை ஒரு பிள்ளையின் தோளில் வைக்கமுடியாது. பயிர்க் காவலுக்குத் துவக்கு வேண்டுமென்றால் அதற்கு வழி இருக்கிறது. மாவட்ட செயலகத்தில் விண்ணப்பித்து, பெரியவர் தன்னுடைய பெயரில் அனுமதிப்பத்திரம் எடுத்து, வருடாவருடம் புதுப்பித்து வைத்திருப்பது. 1916 ஆம் ஆண்டிலிருந்து இருக்கும் துப்பாக்கிகள் கட்டளைச் சட்டம் அது. அந்தத் துவக்கைப் பிடிப்பது வாப்பாவின் கை. எயார் ரைபிளுக்கு என்ன அனுமதி தேவை என்பதையும் விற்கிற கடைக்காரரிடம் கேட்காதீர்கள். பொலிஸிலும் மாவட்ட செயலகத்திலும் கேளுங்கள்.

கட்டுத்துவக்கு, ஹக்கபட்டாஸ் பக்கம் தயவுசெய்து யாரும் போகாதீர்கள். கட்டுத்துவக்குக் கம்பியில் கால் பட்டது பன்றியா, பக்கத்து வயல்காரரா என்று அதற்குத் தெரியாது. அந்தக் கம்பிக்குப் பின்னால் பார்க்கும் கண் இல்லை, யோசிக்கும் மனம் இல்லை. யோசித்துப் பார்த்தால், பழக்கம் இல்லாத பிள்ளையின் கையில் உள்ள துவக்கும் அதற்குக் கிட்டத்தான்.

"அப்ப பொடியன் ஆசைப்பட்டா என்ன செய்ற?" ஆசைப்படட்டும். குறி பார்ப்பது ஒரு நல்ல கலை. மூச்சை அடக்கி, உடம்பை அசையாமல் வைத்து, அவசரப்படாமல் இருக்கப் பழக்கும். அம்பெய்யப் பழகுவதை எமது மார்க்கம் ஊக்குவித்திருக்கிறது. எமது நாட்டின் தெஹானி எகொடவெல டோக்கியோ ஒலிம்பிக்கில் 10 மீற்றர் எயார் ரைபிள் போட்டியில் கலந்துகொண்டார். 4.5 மில்லிமீற்றர் குண்டு, காகிதக் குறி, பின்னால் தடுப்பு, பக்கத்தில் பயிற்றுநர். அந்த வழியில் பதிவு செய்யப்பட்ட கழகம் ஒன்றில், கண்ணுக்குப் பாதுகாப்புக் கண்ணாடி போட்டு, ஒரு உயிரும் போகாமல் படிக்கட்டும். எமது பக்கத்தில் அந்த வசதி குறைவு என்பது தெரியும். அதைக் கேட்டு வாங்குவது எமது விளையாட்டுக் கழகங்களின் வேலை. எப்போதும் கிரிக்கெட் சுற்றுப்போட்டி மட்டும்தானா?

இதற்கெல்லாம் பிறகும், வயது வந்து, சட்டப்படி ஒரு எயார் ரைபிள் எடுக்கும் நாள் வந்தால், எமது ஆலோசனை இதுதான். சக்தி குறைந்தது. குழலை மடித்து ஒவ்வொரு குண்டாகப் போடுவது. கையில் பிடித்துப் பார்த்து அளவானது. ஸ்கோப் இல்லாதது. மடிக்கும்போது விரல் இடையில் போகாமல் பார்க்கவேண்டும், ஸ்பிரிங் விட்டடித்தால் விரல் நசுங்கும். கொங்கிரீட், கல், தண்ணீர் இருக்கும் பக்கம் சுடக்கூடாது. ஈயக் குண்டைத் தொட்ட கையைக் கழுவாமல் சாப்பிடக்கூடாது. வீட்டில் துவக்குக்கு ஒரு பூட்டு, குண்டுக்கு இன்னொரு பூட்டு, இரண்டு சாவியும் வாப்பாவிடம். மூத்தவாப்பாவின் முறைதான், இதைவிட நல்ல முறை எமக்குத் தெரியாது.

நேற்று அஸருக்குப் பிறகு அந்த வாப்பாவையும் மகனையும் சந்தித்தோம். மேலே எழுதியதைத்தான் சொன்னோம். மகனின் முகம் சுருங்கிவிட்டது. அவனிடம் கேட்டோம்.

"மகன், உங்கட வயலுக்குப் பண்டி எந்த வரம்பால வருது? எத்தின மணிக்கு?"

தெரியாது என்றான். குரங்கு எத்தனை வரும்? எந்த மரத்தால் இறங்கும்? தெரியாது.

தெரியாததைச் சுடமுடியாது என்றோம். வேட்டைக்காரன் முதலில் படிப்பது பார்ப்பதை. இந்தப் போகம் முழுக்க வாப்பாவோடு பரணில் காவல் இரு. யானை வரும் பக்கம் வேண்டாம். கையில் ஒரு டோர்ச், ஒரு கொப்பி. என்ன வந்தது, எத்தனை மணிக்கு, எந்தப் பக்கத்தால், என்ன செய்ததும் ஓடியது, எல்லாவற்றையும் எழுது. அறுவடை முடிய அந்தக் கொப்பியை எமக்குக் கொண்டுவந்து காட்டு. வேலி எங்கே போடவேண்டும், எந்த நேரம் காவல் வேண்டும் என்பதை அந்தக் கொப்பி சொல்லும். விவசாயத் திணைக்களத்துக்குக் காட்டவும் உதவும்.

பொடியன் ஒன்றும் சொல்லவில்லை. வாப்பாதான் தலையைச் சொறிந்தார்.

"அப்ப நானும் ராவெல்லாம் முழிச்சி இரிக்கணுமே ஸேர்?"

"ஓம். துவக்கு எடுத்துக் குடுத்தாலும் நீங்க முழிச்சித்தான் இரிக்கணும்."

சிரித்தார். பிறகு சிரிப்பு நின்றுவிட்டது. கொஞ்ச நேரம் யோசித்துக்கொண்டு நின்றார்.

எமது கருத்தின் சாரம் அதுதான் சகோதரர்களே. துவக்கை வாங்குவது மச்சானின் சல்லி. பக்கத்தில் நிற்பது வாப்பாவின் நேரம். முதலாவது இலகுவாகக் கிடைக்கிறது என்பதற்காக இரண்டாவதை விட்டுவிடாதீர்கள். மகனோடு ஒரு போகம் பரணில் உட்கார நேரம் இல்லாத வாப்பா, அவன் கையில் துவக்கைக் கொடுக்க இன்னும் தயாரில்லை.

வீட்டில் ஏற்கெனவே எயார் ரைபிள் இருக்கிறவர்கள், இன்று மஃரிபுக்கு முன் அது எங்கே இருக்கிறது, குண்டு எங்கே இருக்கிறது என்று ஒருமுறை எழும்பிப் போய்ப் பாருங்கள். இதற்கு மாற்றுக் கருத்து உள்ளவர்கள் தாராளமாக எழுதுங்கள், வயல் செய்கிறவர்களின் பதிலை முக்கியமாக எதிர்பார்க்கிறோம்.

அல்லாஹ் எல்லோருடைய பிள்ளைகளையும் பாதுகாப்பானாக.